குடும்ப அட்டையில் இரண்டாவது பெயர்

ஜூலை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. இன்று எனக்கு எழுபத்தாறு வயது, மூன்று மாதம், நான்கு நாள். இவ்வளவு துல்லியம் என் வழக்கமல்ல என்பது உனக்குத் தெரியும். ரேஷன் கடையில் இன்று காலை என் பிறந்த தேதியை மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் தவறாகப் பதிந்தார்கள். அந்த எரிச்சலில் வீடு வரும்வரை வயதைக் கணக்கிட்டுக்கொண்டே வந்தேன்.

அட்டையில் பெயருள்ள அனைவரும் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம். எடை போடும் பெண் இயந்திரத்தின் திரையைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாட்டிம்மா, நீ மட்டும் வந்துகீற? கார்டுல தங்கச்சின்னு இன்னோர் ஆளு கீறாங்களே. அவங்கள இட்டுக்கினு வா."

"அவ வரமாட்டா."

"ஏன், சண்டையா?"

"செத்துப்போய் எட்டு மாசம் ஆச்சு."

"அய்ய, அத்த மொதல்லியே சொல்றதில்ல? இந்தா, இந்த ஃபாரத்துல எழுதி, டெத் சர்ட்டிபிகேட் வச்சி, கையெழுத்துப் போட்டுக் குடு. பேர எடுத்துடலாம். கூடப் பொறந்தவதான?"

நான் படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். நாற்பது ஆண்டுகளாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது உன் வேலையாக இருந்தது.

படிவம் இப்போது என் முன் மேசைமேல் இருக்கிறது. 'இறந்தவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு' என்று ஒரு கட்டம். அடியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூற ஒரு வரி. அரசாங்கத்திடம் பொய் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் அதனிடம் சம்பளம் வாங்கியவள், அது பிறரிடம் சொன்ன பொய்களை என் கையாலேயே தட்டச்சு செய்தவள். ஆனால் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி முடித்துவிட்டு இந்தக் கட்டத்தை நிரப்பலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

கூடப் பிறந்தவள் என்ற பொய் தொடங்கிய இடத்திலிருந்தே வருகிறேன். எண்பத்து நான்காம் ஆண்டு, வைகாசி வெயில். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரிந்து போகும் மண் தெருவில், ஒரு பச்சைநிற இரும்புக் கதவு. நான் ஒரு பக்கமிருந்து வந்தேன். நீ மறுபக்கமிருந்து வந்தாய். இருவர் கையிலும் ஒரே தரகர் எழுதிக் கொடுத்த ஒரே முகவரி. நாம் அதற்குமுன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

நான் அப்போது ஒன்பது ஆண்டுகளாகச் சைதாப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் வாழ்ந்து வந்தேன். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவள். பேரரசுகள் ஏன் வீழ்ந்தன என்று கேட்டால் பதினைந்து பக்கம் எழுதுவேன். வாடகை ஏன் ஏறுகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்க ஒரு வாக்கியம் வராது. அந்த அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நீ உன் அண்ணன் வீட்டில் ஆறு ஆண்டுகள் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுத்து வந்தவள். ஒரு மாதம் பிரித்துவிட்டுக் கொடுத்ததற்காக அண்ணி மூன்று நாள் சமைக்கவில்லை என்று பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னாய்.

வீட்டுக்கார அம்மாள் தன் கழனியை மனைகளாகப் பிரித்து விற்ற பணத்தில் வரிசையாக நான்கு போர்ஷன் கட்டியிருந்தாள். கதவைத் திறக்காமலே பேசினாள்.

"தனியா கீற பொம்பளைக்கு வூடு குடுக்கறதில்லம்மா. நாளிக்கு ஒண்ணுன்னா யாரு பேஜார் பட்றது?" பிறகு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணாத்தான வந்தீங்க? அக்கா தங்கச்சியா?"

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நீ என் முழங்கையைப் பிடித்தாய்.

"ஆமாங்க. இவ பெரியவ."

"சாயலே இல்லியே."

"அவ அப்பா மாதிரி, நான் அம்மா மாதிரி."

"அப்பா அவ்ளோ ஒசரமா?"

"பனைமரம்," என்றாய்.

என் அப்பா ஐந்தடி இருந்தாலே அதிகம். கதவு திறந்தது. முன்பணம் கொடுத்துவிட்டுத் தெருமுனைக் கடையில் ஆளுக்கொரு டீ குடித்தபோதுதான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். "தங்கச்சி அக்காவை நீன்னுதான் கூப்பிடணும். இப்பவே பழகிக்கிறேன்," என்றாய். நான் எவரையும் அவ்வளவு எளிதில் அனுமதிப்பவள் அல்ல. அன்று டீ மட்டமாக இருந்தது. அதைத் திட்டுவதில் கவனமாக இருந்துவிட்டேன்.

பொய்க்குப் பராமரிப்புச் செலவு உண்டு என்பதை விரைவில் கற்றோம். நான் சைவம், ஞாயிற்றுக்கிழமை உனக்கு மீன் இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடும். பின்கட்டில் தனியாக ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு சட்டியும் வைத்து நீ குழம்பு கொதிக்கவிட்ட முதல் வாரமே வீட்டுக்கார அம்மாள் மோப்பம் பிடித்து வந்தாள்.

"இன்னா குடும்பம்மா உங்க குடும்பம்? அக்கா வெங்காயத்துக்கே யோசிக்குது, தங்கச்சி சங்கரா துண்ணுது!"

"அவளுக்கு டாக்டர் மீன் கூடாதுன்னுட்டாருங்க. சின்ன வயசுல என்னைவிட அதிகமா தின்னவ," என்றாய், கண்ணிமைக்காமல். அதன்பின் பல ஆண்டுகள் அந்த அம்மாள் என்னைக் காணும்போதெல்லாம் அந்த நோய் தேவலையா என்று விசாரித்தாள்.

குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்தபோது நிலைமை சற்றுத் தீவிரமாயிற்று. அட்டை இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை. உடன்பிறந்தவர்களுக்கு முன்னெழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நீ பேனாவை வாங்கி, உன் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் எழுத்தை எழுதினாய்.

"எங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்த ஒரு எழுத்துதான். இப்போ அதுவும் உங்கப்பாவுது," என்றாய். கேலியாகத்தான் சொன்னாய். ஆனால் எழுதி முடித்தபின் அந்தத் தாளைச் சற்று நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாய். குடும்பத் தலைவி நான். இரண்டாவது பெயர் நீ.

சம்பளம் இருவருக்கும் சொற்பம். நான் கடற்கரைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் கீழ்நிலை உதவியாளர். நீ பல்லாவரத்தில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் தட்டச்சர். உன் புடவையில் எந்நாளும் பதனிட்ட தோலின் வாடை இருக்கும். காலை மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஒன்றாக ஏறுவோம். நீ மூன்றாவது நிலையத்தில் இறங்கிவிடுவாய். இருவருக்கும் வெளியே உடுத்த இரண்டிரண்டு நல்ல புடவைகள். மாற்றி உடுத்தினால் நான்கு. இருவருக்குமாக ஒரே குடை. மழைநாளில் யாருக்கு என்று காலையிலேயே வழக்காடுவோம். மாதக் கடைசியில் பருப்பு தீர்ந்துவிடும். "இருபத்தஞ்சாம் தேதிக்கு மேல எல்லா நாளும் ஏகாதசி," என்பாய்.

இவற்றை ஏழ்மையின் இனிமை என்று நான் சொல்லப்போவதில்லை. அதில் இனிமை ஒன்றுமில்லை. நீர்த்த ரசம் நீர்த்த ரசம்தான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குடிவந்த முதல் நாள் நீ இரண்டு எவர்சில்வர் தட்டுகள் வாங்கி வந்தாய். சைதாப்பேட்டையில் ஒன்பது ஆண்டுகள் நான் தட்டில் சாப்பிட்டதில்லை. ஒருத்திக்காக எதற்கு ஒரு பாத்திரம் கூடுதலாகத் துலக்குவது? அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியோடு நின்றபடியே தின்று, நின்றபடியே கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அதை உன்னிடம் சொன்னபோது நீ என்னை விநோதமாகப் பார்த்தாய்.

"மனுஷங்க தட்டுலதான்க்கா சாப்பிடுவாங்க. உக்காரு."

உட்கார்ந்தேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டில், பொங்கல் சமயத்திலிருந்து, உன் பேச்சில் ஓர் ஆள் நுழைந்தார். உன் நிறுவனத்தில் கிடங்குப் பொறுப்பாளர். குரோம்பேட்டைக்காரர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அவர் தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனைச் சொல்லாமலே மாற்றி வைத்தாராம். அவருக்கும் சங்கரா மீன்தான் பிடிக்குமாம். உப்பைப்போல் எல்லாவற்றிலும் கொஞ்சம் அவர் விழுந்தார். கிளிப்பச்சைப் புடவை என்னுடையது. அதை நீ வாரம் இருமுறை கேட்டு வாங்கி உடுத்தத் தொடங்கினாய். உனக்கு முப்பத்தைந்து வயது. அந்த வயதில் ஒரு பெண் கண்ணாடியை இரண்டாம் முறை பார்த்தால் அதன் பொருள் எனக்கும் தெரியும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நம் வீட்டுக்கு வந்தார். நீ மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தாய். அது தெரிந்தே வந்தாரோ என்னவோ. திருநீர்மலை ஏறிச் சேவித்துவிட்டு நேரே வந்திருந்தார். கையில் துளசியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலைப் பாக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நேரா அவங்ககிட்டயே கேக்கறது முறையில்லீங்க. பெரியவங்க நீங்க இருக்கீங்க. அப்பா அம்மா ஸ்தானத்துல உங்களத்தான் கேக்கணும்."

நம் பொய் பல்லாவரம்வரை போய், வெற்றிலைப் பாக்கோடு திரும்பி வந்திருந்தது. உன்மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதை அந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவர் என் சொல்லுக்காகக் காத்திருந்தார். என் வாழ்நாளில் எவரும் என் சொல்லுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

"அவளக் கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

கேட்டேன். அதில் குறை வைக்கவில்லை. வாழைப்பழத்தைக் காட்டி, அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். நீ மண்ணெண்ணெய் டின்னைக் கீழே வைக்க மறந்து நின்றாய். உன் முகம் சிவந்ததை அந்த ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். பிறகு மெதுவாக டின்னை இறக்கி வைத்துவிட்டு, நீ கேட்ட முதல் கேள்வி அவரைப் பற்றியதாக இல்லை.

"நான் போயிட்டா நீ இந்த வாடகையை எப்படிக் கட்டுவே?"

"முன்னே எங்க இருந்தேனோ அங்க போறேன். மாடிப்படிக்கு அடியில இடமா இல்லை இந்த ஊர்ல?"

"அந்த எலிப்பொந்துக்கா?"

"எலிகூட வாடகை கேக்காது."

நான் நகைச்சுவையாகப் பேசினேன் என்று பின்னாட்களில் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று நீ சிரிக்கவில்லை. நான்கு நாள் அதைப் பற்றி நாம் பேசவில்லை. கிளிப்பச்சைப் புடவையை நீ கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை, ரயில் குரோம்பேட்டையைத் தாண்டும்போது, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாய்.

"வேணாம்னு சொல்லிடு. நீயே சொல்லு. பெரியவ நீதானே."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிக்காம நாலு நாள் தூங்காம இருப்பாங்களா?" என்றாய். பல்லாவரம் வந்தது, இறங்கிவிட்டாய்.

அன்று மாலை பல்லாவரம் நிலையத்தில் நான் இறங்கி, நடைமேடையில் அவரைக் கண்டு சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. "சரிங்க. அவங்க மனசுல வருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அடுத்த ஆண்டு அவருக்குத் திருமணம் ஆயிற்று. நீ ஒரு குத்துவிளக்கு வாங்கினாய். நாம் இருவரும் போய் வந்தோம். மணப்பெண்ணின் தலையில் பூ சரிந்திருந்ததை நீதான் சரிசெய்தாய். திரும்பும் பேருந்தில், "பாயசம் நல்லா இருந்தது," என்றாய். கிளிப்பச்சைப் புடவை அந்த வாரமே வீட்டுக்கார அம்மாளின் மருமகளுக்குப் போயிற்று. என் புடவை என்பதை நானும் நினைவூட்டவில்லை.

அதன்பின் வாழ்க்கை நடந்தது, எல்லோருக்கும் நடப்பதுபோல. தொண்ணூற்றைந்தில் சேலையூரில் இந்தச் சிறிய அடுக்ககத்தை வாங்கினோம். பத்திரத்தில் நம் உண்மையான முன்னெழுத்துகள், குடும்ப அட்டையில் பொய்யானவை. "எங்கக்கா கஞ்சத்தனம் பண்ணி மிச்சம் பிடிச்ச காசு," என்று அண்டைவீட்டாரிடம் பெருமையடித்தாய். நாம் குடிவந்தபோது சுற்றிலும் இருந்த காலிமனைகளில் எருமைகள் மேய்ந்தன. இப்போது சிறுசேரி மென்பொருள் பூங்காவுக்குப் போகும் கம்பெனி வண்டிகள் விடிந்ததும் தெருவை அடைத்துக்கொள்கின்றன. எதிர்வீட்டில் ஒரு பெண் தனியாக வாடகைக்கு இருக்கிறாள். அக்காவும் வேண்டாம், தங்கையும் வேண்டாம். அவளுடைய சம்பளச் சீட்டைப் பார்த்தே வீடு கொடுத்துவிட்டார்கள். அவளைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. பொறாமைதான் வருகிறது, இந்த வயதில் அதை மறைப்பானேன்?

போன ஐப்பசி மழையில் உன்னை மருத்துவமனையில் சேர்த்தபோது, "நீங்க யாரு?" என்று செவிலி கேட்டாள். நீ மூச்சுத் திணறலுக்கு நடுவிலும், "எங்கக்கா," என்றாய். மூன்றாம் நாள் நீ சற்றுத் தெளிவாக இருந்தாய். அப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நீ மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாய். எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்தேன். அந்த நான்கு அடிக்குள் தைரியம் போய்விட்டது. மறுநாள் நீயும் போய்விட்டாய்.

உன் தட்டு அலமாரியில் என் தட்டோடு சேர்ந்திருக்கிறது. இரண்டையும் நான் எடுப்பதில்லை. இன்று மதியம் உப்புமாவை வாணலியிலிருந்தே தின்றேன், நின்றுகொண்டே. 'உக்காரு' என்று ஒரு குரல் கேட்டதாகவெல்லாம் எழுதமாட்டேன்; கேட்கவில்லை. அது கேட்காது என்பதைத்தான் எட்டு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு மாலையை வேண்டுமென்றே தாண்டி வந்தேன். இப்போது அதற்குத் திரும்ப வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு, தை மாதம். கிடங்குக்காரருக்குத் திருமணமாகி ஏறத்தாழ ஓராண்டு. அரைக்கிலோ ஜாங்கிரியோடு நான் வீட்டுக்கு வந்தேன். எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, சம்பளம் ஒன்றரை மடங்கு என்றேன். நீ என்னைக் கட்டிக்கொண்டாய். எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் கட்டிக்கொண்டாய். பின்னர், வாய் நிறைய ஜாங்கிரியோடு, சிரித்துக்கொண்டே சொன்னாய்:

"ஏன்க்கா, இந்தப் பாழாப்போன ப்ரமோஷன் ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

சிரித்து முடித்ததும் நீ சற்று அவசரமாக எழுந்து கை கழுவப் போனாய். நான் ஜாங்கிரிப் பெட்டியின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நான் ஜாங்கிரி தொடுவதில்லை. சர்க்கரை வியாதிக்குப் பயம் என்று நீ எல்லோரிடமும் சொல்லி வந்தாய்.

வந்திருந்தது. அந்த உத்தரவு சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன், எண்பத்தெட்டு தை மாதமே வந்திருந்தது. அன்றே உன்னிடம் சொல்லத்தான் ஓடிவந்தேன். நீ கிளிப்பச்சைப் புடவையோடு கண்ணாடிமுன் நின்றிருந்தாய். உத்தரவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, மறுநாள் அலுவலக மேசையின் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். கூடுதலாக வந்த சம்பளத்தை அஞ்சலகத்தில் போட்டேன். நீ பெருமையடித்த மிச்சம் அதுதான். பங்குனியில் அவர் வெற்றிலைப் பாக்கோடு வந்தபோதும், நீ மண்ணெண்ணெய் டின்னோடு நின்று அந்தக் கேள்வியைக் கேட்டபோதும், அந்த வீட்டின் முழு வாடகையையும் கட்டும் வசதி எனக்கிருந்தது. வாணலியைத் தாண்டி ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எதிரில் யாருமில்லாமல் உட்காரத்தான் என்னால் முடியாமலிருந்தது.